கிளென் கேட்ட குழி: ‘தி வாக்கிங் டெட்’ தொடரை எடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏஎம்சி தொலைக்காட்சியின் நிர்வாகிகளுக்கும், ‘தி வாக்கிங் டெட்’ தொடரையும் அதன் கிளைத் தொடர்களையும் எழுதியவர்களுக்கும், இன்னமும் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

2010 அக்டோபர் 31 அன்று தொடங்கி 2022 நவம்பர் 20 அன்று முடிந்த உங்கள் தொடரின் 177 எபிசோடுகளையும் பார்த்து முடித்தவன் நான். ஜாம்பிக் கதைக்குப் பன்னிரண்டு வருடமா என்று வீட்டில் கேலி செய்தார்கள். கேலியில் நியாயம் இருந்தது, ஆனாலும் விடவில்லை. ஏன் விடவில்லை, எந்த இடத்தில் விட்டிருக்க வேண்டும் என்று இப்போது யோசித்தால், இரண்டு கேள்விகளும் ஒரே ஆளிடம் போய் நிற்கின்றன. கிளென்.

முதல் சீசனின் ஐந்தாம் எபிசோட் உங்களுக்கு நினைவிருக்கும். அட்லாண்டாவுக்கு வெளியே கல்குவாரியை ஒட்டிய முகாம். முந்தின இரவு வாக்கர்கள், அதாவது எழுந்து நடக்கும் பிணங்கள், புகுந்து பாதிப் பேரைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன. விடிந்ததும் பிணங்களை அப்புறப்படுத்தும் வேலை நடக்கிறது. ஒரு பக்கம் நெருப்பு எரிகிறது. ஆண்கள் ஒவ்வொன்றாக இழுத்துப் போய் அதில் போடுகிறார்கள். அப்படி இழுபடும் ஓர் உடல் முகாமைச் சேர்ந்தவருடையது. அதுவரை பீட்சா கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த துறுதுறுப்பான பையன் என்ற அளவில் மட்டும் நாங்கள் அறிந்திருந்த கிளென் அழுகையும் ஆத்திரமுமாகக் கத்துகிறான். நம்மவர்கள் அந்த வரிசையில் இருக்க வேண்டும். நம்மவர்களை எரிக்க மாட்டோம், புதைப்போம்.

எங்கள் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம். அதனால் அந்தக் காட்சி முதலில் எனக்குச் சற்று விநோதமாகத்தான் இருந்தது. எரிப்பதில் என்ன அவமரியாதை? பிறகு புரிந்தது, அவன் கேட்டது மண்ணையோ நெருப்பையோ அல்ல. எந்தக் குவியலில் கிடக்கிறோம் என்பதை. இறந்தவரைப் பெயர் சொல்லித் தனியாகக் கிடத்த நேரம் இருக்கிறதா இல்லையா என்பதை. உலகம் முடிந்துவிட்டது, வெயில் ஏறுகிறது, அடுத்த கூட்டம் எந்த நேரமும் வரலாம். அந்த நிலையிலும் அரை நாள் செலவழித்துக் குழி தோண்டுவோம் என்கிறான். உங்கள் தொடரின் பலம் முழுவதும் அந்த அரை நாளில் இருந்தது. அதன் பலவீனம் எல்லாம் அந்த அரை நாளைக் கணக்கில் மிச்சம் பிடிக்கப் பார்த்ததில் தொடங்கியது. இந்த மடலில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் எடுத்துக்காட்டு இல்லாமல் சொன்னால் வெறும் வசவாகிவிடும்.

முதல் எபிசோடிலிருந்தே பார்க்கலாம். மருத்துவமனையில் மயக்கம் தெளிந்து எழுந்த நாயகன் ரிக், புல்வெளியில் இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். பயந்து, அங்கே கிடந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். கையில் துப்பாக்கி கிடைத்த பிறகு அவளைத் தேடித் திரும்பி வருகிறான். அவளிடம் வருத்தம் தெரிவித்துவிட்டுச் சுடுகிறான். அதே நேரத்தில் இன்னொரு வீட்டின் மாடியில், ரிக்குக்கு அடைக்கலம் கொடுத்த மோர்கன் துப்பாக்கியோடு ஜன்னலில் காத்திருக்கிறான். மனைவி ஜென்னியின் புகைப்படங்கள் பக்கத்தில். தெருவில் அவளே வருகிறாள், இரவில் வந்து வாசல் கதவின் குமிழைத் திருகிப் பார்ப்பவள். குறி வைக்கிறான். விரல் அசையவில்லை. கீழே மகன் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான்.

அறியாத பெண்ணைச் சுட்டவன் கருணையுள்ளவன். அறிந்தவளைச் சுட முடியாதவனும் கருணையுள்ளவன்தான். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி, தீர்ப்பை எங்களிடம் விட்டீர்கள். பயமுறுத்தும் படங்களில் பிணம் எழுந்து வருவது அதிர்ச்சிக்காக. இங்கே அது துக்க வீட்டின் நீட்சியாக இருந்தது. ஃபிராங்க் டாராபாண்ட் எழுதி இயக்கிய அந்த ஒரு மணி நேரத்துக்கு இணையானதை நீங்கள் பிறகு எடுத்தது மிகக் குறைவு. 16 மி.மீ. பிலிமின் சொரசொரப்பும் ஜார்ஜியாவின் வெயிலும் கிரெக் நிகோடெரோவின் ஒப்பனையும் சேர்ந்து, அழுகலுக்கு ஒரு வாடையே கொடுத்திருந்தன.

ஜென்னியைச் சுடாததற்கான விலை உடனே வரவில்லை. மூன்றாம் சீசனின் பன்னிரண்டாம் எபிசோட் வரை காத்திருந்தீர்கள். அங்கே ரிக் சந்திக்கும் மோர்கன் பாதிப் பைத்தியம், சுவரெங்கும் கிறுக்கல். அன்று சுடாமல் விட்ட மனைவிதான் பிறகு மகனைக் கடித்தாள் என்று தெரிகிறது. ஒரு தொடருக்கு நினைவாற்றல் இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. எழுதியவர் ஸ்காட் கிம்பிள். அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பாராட்டிலும் வருவார், புகாரிலும் வருவார்.

ஹெர்ஷலின் பண்ணையில் கழிந்த இரண்டாம் சீசனை இழுவை என்று திட்டாதவர் இல்லை. நானும் திட்டினேன். முதல் சீசன் 6 எபிசோட், இது 13. 2011 ஜூலையில் டாராபாண்டை நீக்கினீர்கள். அதிலிருந்து கிளம்பிய பண வழக்கு 2013இல் தொடங்கி 2021இல் 20 கோடி டாலருக்குத்தான் தீர்ந்தது. அந்தக் குழப்பம் திரையிலும் தெரிந்தது. ஒரே வயல், ஒரே வேலி, ஒரே சண்டை. காணாமல் போன சிறுமி சோஃபியாவைத் தேடித் தேடி நாங்களும் சலித்துப்போனோம். பிறகு கொட்டகைக் கதவைத் திறந்தீர்கள்.

உள்ளே அடைத்து வைத்திருந்த வாக்கர்கள் ஒவ்வொன்றாக வெளியே வர, எல்லாரும் சுட்டுத் தள்ளுகிறார்கள். கூட்டம் ஓய்ந்து அமைதியான பிறகு கடைசியாக ஒரு சின்ன உருவம் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருகிறது. அம்மா கேரல் ஓடுகிறாள். டேரில் அவளைப் பிடித்து நிறுத்துகிறான். அவ்வளவு நேரம் வீரம் காட்டிய எந்தக் கையும் இப்போது எழவில்லை. ரிக் மட்டும் முன்னால் நடக்கிறான். ஏழு எபிசோட் சலிப்பு அந்த நொடியில் எங்கள் குற்றமாக மாறியது. தேடிச் சலித்தவர்கள் நாங்களும்தானே?

அடுத்த எபிசோடில் குழி தோண்டினீர்கள். சோஃபியாவுக்கு ஒன்று, ஹெர்ஷலின் மனைவிக்கு ஒன்று, அவளுடைய மகனுக்கு ஒன்று; மற்ற உடல்கள் நெருப்புக்கு. கிளென் சொன்ன வரிசை. கேரல் அடக்கத்துக்கு வர மறுத்துவிட்டாள், அது என் மகள் அல்ல என்று. எழவு வீட்டில் அழாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்த மறுப்பு புரியும்.

இப்போது டி-டாக். முதல் சீசனிலேயே வந்தவன். மூன்றாம் சீசனின் நான்காம் எபிசோட் வரை இருந்தான். அவனுக்கு நீங்கள் கொடுத்த வசனங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தின் சில பக்கங்களில் அடங்கிவிடும். மெர்ல் என்ற முரடனின் கைவிலங்குச் சாவியைத் தவறவிட்டான் என்பதைத் தவிர அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் வைக்கவில்லை. சிறைச்சாலையில் கடிபட்டு, கேரலைத் தப்பிக்க வைப்பதற்காக வாக்கர்கள் மேல் பாய்ந்து செத்தான். அடுத்த எபிசோடில் கல்லறை தோண்டும்போது கிளென் ஹெர்ஷலிடம் சொல்கிறான்: எல்லாம் தொடங்கிய நாட்களில் டி-டாக் தன் சர்ச் வேனை எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போனானாம், யாருக்காவது வண்டி தேவைப்படுமோ என்று.

நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மூன்று சீசன் எங்களோடு இருந்தவனைப் பற்றி நாங்கள் கேட்ட முதல் உருப்படியான செய்தி, அவன் குழிக்குப் பக்கத்தில். உங்கள் பலமும் பலவீனமும் ஒரே மண்வெட்டியில் ஏறியிருந்தன. குழியருகே நின்று பேச உங்களுக்குத் தெரியும். அந்த மனிதன் உயிரோடு இருக்கும்போது அவன் பேசக் கேட்க நேரம் இல்லை. அதிலும் ஒரு வரிசை இருந்தது. டி-டாக் போனான், அதற்குச் சற்று முன் ஆஸ்கர் வந்திருந்தான். ஆஸ்கர் செத்த அதே எபிசோடில் டைரீஸ் உள்ளே வந்தான். ஒரு நேரத்தில் குழுவில் ஒரு கறுப்பின ஆணுக்குத்தான் இடம் என்று யாரும் தீர்மானம் போட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் பார்ப்பவர்கள் எண்ணத்தான் எண்ணினார்கள். பின்னாளில் மோர்கனும் கேப்ரியலும் நிலைத்தார்கள், மிஷோன் தொடரின் முதுகெலும்பானாள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனாலும் அந்தச் சர்ச் வேன் எனக்குள் நின்றுவிட்டது. கடைசியில் அதற்குத் திரும்பி வருகிறேன்.

நான்காம் சீசனின் பதினான்காம் எபிசோடைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் நேர்மையாக இருக்காது. லிஸ்ஸி, மிகா என்று இரண்டு சிறுமிகள், கைக்குழந்தை ஜூடித், கேரல், டைரீஸ். காட்டுக்குள் ஒரு நல்ல வீடு. பேசாமல் இங்கேயே இருந்துவிடலாமா என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். வாக்கர்கள் சாகவில்லை, வேறு மாதிரி ஆகியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று உறுதியாக நம்பும் லிஸ்ஸி, அதை நிரூபிக்கத் தங்கையைக் கத்தியால் குத்திவிட்டு, மூளையில் படவில்லை, திரும்பி வந்துவிடுவாள் என்று சிரித்த முகமாகச் சொல்கிறாள். குழந்தையை இவளோடு ஒரே கூரையின் கீழ் வைத்திருக்க முடியாது. கேரல் அவளைப் பூக்களுக்கு அருகே அழைத்துப் போய், பூக்களைப் பார் என்கிறாள். டைரீஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறான். அந்த முடிவை எந்த வாக்கரும் வந்து கட்டாயப்படுத்தவில்லை. வில்லன் இல்லை. பிள்ளைகள் கெட்டுப்போன உலகத்தில் வளர்ந்தால் எப்படி வளர்வார்கள் என்ற ஒரே கேள்வி. இதையும் எழுதியவர் கிம்பிள்தான்.

தமிழில் நடைப்பிணம் என்று ஒரு சொல் உண்டு. அது செத்து நடப்பவர்களைக் குறிப்பதில்லை. உயிரோடு இருந்தும் உள்ளே செத்துப்போனவர்களைக் குறிக்கிறது. ராபர்ட் கிர்க்மனின் காமிக்ஸில் ரிக் தன் ஆட்களைப் பார்த்து நாம்தான் அது என்று சொல்வதற்கு 24 இதழ்கள் ஆயின. நாங்கள் தலைப்பிலேயே புரிந்துகொண்டோம்.

டைரீஸின் முறை ஐந்தாம் சீசனின் ஒன்பதாம் எபிசோடில் வந்தது. மண்ணில் மண்வெட்டி இறங்கும் காட்சியில் தொடங்குகிறது. முந்தைய எபிசோடில் இறந்த பெத்துக்கான குழி என்று நினைத்துக்கொண்டு பார்க்கிறோம். எபிசோட் முழுக்க, கடிபட்ட ஒரு பெரிய உடம்புக்காரன் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறான். அவன் இழந்தவர்களும் வெறுத்தவர்களும் அறைக்குள் வந்து அவனோடு பேசுகிறார்கள். கடைசியில் அதே மண்வெட்டி, அதே குழி, சிலுவையில் அவன் தொப்பி. ஆரம்பத்தில் பார்த்தது அவனுடைய அடக்கம். ஒருவனைப் புதைக்க ஒரு முழு எபிசோட் கொடுத்தீர்கள். 2015 பிப்ரவரி. அந்த மரியாதையின் உச்சம் அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் குப்பைத்தொட்டி வந்தது.

கிளென் தொட்டியின் மேலிருந்து விழுகிறான், சுற்றிலும் கைகள், குடல்கள். எபிசோட் முடிகிறது. மேலே விழுந்த இன்னொருவனின் குடல் அது என்று பின்னால்தான் தெரியும். எழுத்து ஓடும் பகுதியிலிருந்து, கிளெனாக நடித்த ஸ்டீவன் யூனின் பெயரையும் எடுத்துவிட்டீர்கள். நான்கு வாரம் கழித்து, தொட்டிக்கு அடியில் ஊர்ந்து தப்பித்தான் என்றீர்கள். தப்பித்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மரணத்தைச் சீட்டு வித்தையாக்கியது அதுவே முதல் முறை. கதைக்குள் அதற்கு எந்த வேலையும் இல்லை. பாத்திரங்கள் யாரும் அந்தக் குடலைப் பார்க்கவில்லை. நாங்கள் மட்டுமே பார்த்தோம். நிகழ்த்தப்பட்டது எங்களுக்காக மட்டுமே.

பிறகு 2016 ஏப்ரல் 3. புதிய வில்லன் நீகன் வருகிறான். வரிசையாக மண்டியிட்டவர்கள், முள்கம்பி சுற்றிய மட்டை, யாரை என்று ஒரு பிள்ளை விளையாட்டுப் பாட்டு. அடி விழுகிறது. யார் மேல் என்று காட்டவில்லை. அடிபடுபவனின் கண் வழியாகவே காட்டி இருட்டாக்கினீர்கள். பதில் அக்டோபர் 23 அன்று. ஆறு மாதத்துக்கு மேல். பள்ளிக்கூடத்தில் தேர்வு முடிவை நிறுத்தி வைப்பார்கள். யார் செத்தார் என்பதை நிறுத்தி வைத்து நான் பார்த்ததில்லை. அந்த ஆறு மாதமும் நீகன் யாரை அடித்தான் என்று பந்தயம் கட்டுவது உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்காக இருந்தது. பந்தயம் கட்டப்பட்டவர்கள் எல்லாரும் நாங்கள் வருடக்கணக்கில் கூடவே இருந்தவர்கள்.

அந்த எபிசோடை நானும் தங்கையும் சேர்ந்து பார்த்தோம். முதலில் ஆபிரகாம். சரி, முடிந்தது என்று மூச்சு விட்டோம். அடுத்த அடி கிளென் மேல். வெளியே வந்துவிட்ட கண்ணோடு அவன் மனைவி மேகியிடம் பேச முயல்வதை அருகில் வைத்துக் காட்டினீர்கள். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். கோபமாகப் போகவில்லை, குடித்து முடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு, பேசாமல் போனாள். அதன் பிறகு ஒரு எபிசோடுகூட அவள் பார்க்கவில்லை. சில வாரம் கழித்துச் சாப்பிடும்போது கேட்டாள்: “அவனைப் புதைத்தார்களா?”

என்னிடம் நேரான பதில் இல்லை. குழி தோண்டியதை நீங்கள் காட்டவில்லை. நடுவில் புலி வளர்க்கும் ராஜாவின் கதை, டேரிலை அடைத்து வைத்த அறையின் கதை என்று போய்விட்டு, ஐந்தாம் எபிசோடில் ஹில்டாப் என்ற குடியிருப்பில் இரண்டு மண் மேடுகளாகக் காட்டினீர்கள். நம்மவர்களைப் புதைப்போம் என்று முதல் முதலில் சொன்னவன், டி-டாக்குக்குக் குழி தோண்டியவன். அவன் மண்டை உடைவதற்கு அத்தனை நிமிடம் ஒதுக்கினீர்கள். அவன் மேல் மண் விழுவதற்கு ஒரு நிமிடம் இல்லை.

காமிக்ஸிலும் அப்படித்தான் நடக்கிறது என்பீர்கள். நடக்கிறதுதான். ஆனால் கறுப்பு வெள்ளைத் தாளில், பக்கத்தை நம் கையால் புரட்டிப் பார்ப்பதும், ஆறு மாதம் காக்க வைத்து வண்ணத்தில் ஊட்டுவதும் ஒன்றல்ல. அன்று அமெரிக்காவில் 1.7 கோடிப் பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம் 1.25 கோடி ஆனது. என் தங்கை அந்தக் கணக்கில் வரமாட்டாள், ஆனால் அவளைப் போல டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துபோனவர்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

எட்டாம் சீசன் முழுக்க நடந்த போரைப் பற்றி எழுத எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஆயிரக்கணக்கில் சுடுகிறார்கள், முக்கியமானவர் மேல் படுவதில்லை. நீகன் பின்னால் சாய்ந்து சாய்ந்து பேசுகிறான். வருடக்கணக்கில் கெடாத பெட்ரோல், யாரோ தவறாமல் வெட்டிவிடும் புல், வறண்ட சருகின் மேல் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்கும் வாக்கர் எல்லாம் எங்களுக்குள் வேடிக்கைப் பேச்சாகிவிட்டன. அவற்றை நான் குறையென்று சொல்லவே மாட்டேன். ரிக்கின் மகன் கார்லைக் கொன்றதைச் சொல்வேன். காமிக்ஸ் கடைசி இதழ் வரை உயிரோடு வைத்திருந்த பையன் அவன். ரிக் எதற்காக வாழ்கிறான் என்ற கேள்விக்கு இருந்த பதிலே அவன்தான். அவன் குழியை மட்டும் ஒழுங்காகத் தோண்டினீர்கள், ரிக்கும் மிஷோனும் தாங்களே. குழி சரி, சாவு தவறு.

எட்டாவது எபிசோட் என்றால் எங்களுக்கே வயிற்றைப் பிசையத் தொடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பதினாறு எபிசோடை இரண்டாகப் பிளந்து, நடுவில் விடுமுறை விடுவது உங்கள் வியாபார ஏற்பாடு. அந்த விடுமுறைக்கு முன் யாராவது சாக வேண்டும். ஹெர்ஷல் நான்காம் சீசனின் எட்டில், பெத் ஐந்தாம் சீசனின் எட்டில், கார்ல் கடிபட்டது தெரிந்தது எட்டாம் சீசனின் எட்டில். எங்கள் ஊரில் அஷ்டமி என்றால் நல்ல காரியத்தைத் தள்ளி வைப்பார்கள். உங்கள் தொடரின் அஷ்டமிக்கு நாங்கள் பிடித்த பாத்திரத்தை மனத்துக்குள் ஒளித்து வைத்தோம். சாவு எப்போது வரும் என்று நாட்காட்டி பார்த்துச் சொல்ல முடிந்தால் பயம் எங்கே இருக்கும்?

கிம்பிளுக்குப் பின் ஆஞ்செலா காங் எழுத்தறைப் பொறுப்பேற்ற ஒன்பதாம் சீசன் என்னைத் திரும்ப உட்கார வைத்தது. செத்தவர்களின் தோலைப் போர்த்திக்கொண்டு அவற்றோடு நடக்கும் மனிதர்கள், அவர்களின் தலைவி ஆல்ஃபாவாக சமந்தா மார்ட்டன், காது கேளாத கானியாக உண்மையிலேயே காது கேளாத லாரன் ரிட்லாஃப். ஆனால் நான் பாராட்ட விரும்புவது பதினைந்தாம் எபிசோடை. சந்தை நடக்கிறது, ஆல்ஃபா மாறுவேடத்தில் கூட்டத்துக்குள் நடந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறாள். பிறகு எல்லைக்கோட்டில் கழிகள். அவற்றில் பத்துத் தலைகள். கேரல் வளர்த்த ஹென்றியுடையதும் அதில் ஒன்று. அவள் பார்த்துவிடாமல் டேரில் அவளைப் பிடித்துக்கொள்கிறான். கொட்டகை வாசலில் பிடித்த அதே ஆள், அதே பெண், ஏழு சீசன் கழித்து.

தலை வெட்டப்படுவதை அந்த எபிசோடில் காட்டவில்லை. உயிர் தப்பி வந்த சித்திக் எல்லாரையும் கூட்டி வைத்து, அவர்கள் எப்படிப் போராடினார்கள், யார் யாரைக் காப்பாற்ற வந்தார்கள் என்று சொல்கிறான். இறந்தவர்களின் கடைசி மணி நேரத்தை அவமானமாக விடாமல் கதையாக்கிக் கொடுக்கிறான். நீகனின் மட்டைக்கு மூன்று ஆண்டு கழித்து யாரோ எழுத்தறையில் கிளெனின் பேச்சை நினைவில் வைத்திருந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த எபிசோடை மட்டும் பார் என்று தங்கையிடம் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

பெருந்தொற்றுக் காலத்தில் பத்தாம் சீசனோடு ஒட்டவைத்த ஆறு எபிசோடுகளில் இரண்டு மூன்று நடிகர்களை மட்டும் வைத்து எடுத்த ஒன்று, ஏரனும் கேப்ரியலும் ஒரு கிடங்கில் சிக்கும் கதை, பல கோடி செலவழித்த போர்க் காட்சிகளைவிட இறுக்கமாக இருந்தது. காசு குறைந்தபோது உங்கள் எழுத்து நிமிர்ந்தது என்பதை நிர்வாகிகள் படிக்காமல் தாண்டிவிட வேண்டாம்.

இனி நிர்வாகிகளுக்கு மட்டும். எழுத்தறை தவறியதை எழுத்தறை ஓரளவு திருத்திக்கொண்டது. நீங்கள் திருத்திக்கொள்ளவில்லை. 2018 நவம்பர் 4 அன்று ரிக் பாலத்தை வெடிக்க வைத்து மறைகிறான். ரிக்கின் கடைசி எபிசோடுகள் என்று வாரக்கணக்கில் விளம்பரம் செய்தீர்கள். அன்றிரவே, ரிக்கை வைத்துத் திரைப்படங்கள் வரும் என்று அறிவிப்பு வந்தது. நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லை. படங்கள் வரவேயில்லை; 2024இல் ஆறு எபிசோடுத் தொடராக வந்தது. அது நன்றாகவே இருந்தது, வேறு விஷயம். கடைசி சீசனிலும் அதேதான். டேரில், கேரல் இருவருக்கும் தனித் தொடர் என்று 2020லேயே சொன்னீர்கள். மேகி, நீகன் இருவருக்கும் 2022 மார்ச்சில். நான்கு பேருக்கு ஆயுள் காப்பீடு எடுத்துக் கொடுத்துவிட்டு, 2022 நவம்பரில் யார் பிழைப்பார் என்று எங்களைப் பதறச் சொன்னீர்கள். பதறவில்லை. கடைசி எபிசோடை அன்று தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் இருபது லட்சத்தைச் சற்றுத் தாண்டினார்கள். ஐந்தாம் சீசன் தொடங்கிய நாளில் அது 1.73 கோடி. இணையத்தில் பார்த்தவர்கள் தனி, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும்.

கிர்க்மன் என்ன செய்தார் என்பது உங்களுக்கே தெரியும். 2019 ஜூலையில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், 193ஆம் இதழோடு காமிக்ஸை முடித்தார். சந்தேகம் வரக்கூடாதென்று, வரப்போகாத அடுத்த இதழ்களுக்குப் பொய் அட்டைகூடத் தயாரித்து அறிவித்திருந்தார். வாசகர் கடையில் வாங்கிப் பிரித்த பிறகுதான் அது கடைசி என்று தெரிந்தது. அவரும் எங்களை ஏமாற்றினார்தான். ஆனால் முடிவை ஒளித்துவைத்து ஏமாற்றினார். நீங்கள் முடிவே இல்லாததை முடிவு என்று விற்றீர்கள்.

அந்தக் கடைசி எபிசோடில் இரண்டு இடம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ரொசிட்டா படுக்கையில் மகளை அணைத்தபடி சாகிறாள். யூஜின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. இன்னொன்று மேகி நீகனிடம், உன்னை மன்னிக்க என்னால் முடியவில்லை என்று சொல்வது. எல்லாரும் கைகுலுக்கிக்கொள்ளும் முடிவைத் தந்திருக்கலாம், தரவில்லை. கணவனைப் புதைத்தவளின் மொழியை அந்த இடத்தில் யாரோ சரியாக எழுதியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். 2022இல் தனித்தனிக் கதைகளாக ஆறு எபிசோட் எடுத்தீர்கள், ‘டேல்ஸ் ஆஃப் தி வாக்கிங் டெட்’ என்று. அதில் ஏழாவதாக ஒன்றே ஒன்று எடுங்கள். புதிய வில்லன் வேண்டாம், ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம், இரகசிய ராணுவம் வேண்டாம். எல்லாம் தொடங்கிய வாரம். ஜார்ஜியாவில் ஒரு சிறிய வீட்டின் முன் திண்ணையில் வயதான பெண்மணி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, மடியில் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகள் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் காரில் ஏறிக்கொண்டு போய்விட்டார்கள், போகும்போது கை காட்டிவிட்டு. வானொலியில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். அவள் எழுந்து கதவைப் பூட்டுகிறாள், திரும்ப வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள். தெருமுனையில் சர்ச்சின் பெயர் எழுதிய ஒரு வேன் திரும்புகிறது. உள்ளே ஏற்கெனவே மூன்று நான்கு வெள்ளைத் தலைகள். ஓட்டுநர் இறங்கி வந்து, அம்மா, வண்டி தேவைப்படுமா என்று கேட்கிறான். டி-டாக்காக நடித்த அயர்னி சிங்கிள்டனே அந்த வேனை ஓட்டட்டும். மூன்று சீசனில் அவருக்குக் கொடுக்காத வசனங்களை அந்த ஒரு மணி நேரத்தில் கொடுங்கள்.

எடுத்தால் தங்கையைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். அவளுக்குக் கிளெனைப் பிடிக்கும் என்பதால் டி-டாக்கைப் பற்றி அவன் சொன்னதை நான் ஏற்கெனவே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
177 எபிசோடையும் பார்த்த ஒருவன்